தாங்கும் என்று சொன்னவர்கள்

என் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவள் மேல் இல்லை. பொய் சொல்வானேன், அவள் மேலும்தான்.

எங்கள் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் தூண். அப்பா வைத்தது. யார் வந்தாலும், "இவதாங்க எங்க வீட்டுத் தூணு" என்று காட்டுவார். வந்தவர்களும் தலையை ஆட்டுவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போய்விடுவாள். எல்லோரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். தூணை யாரும் உட்காரச் சொல்வதில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உறைத்தது.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், நடுவில் அண்ணன், கடைசியில் நான். அம்மா போனபோது அக்கா கட்டட வரைபடப் படிப்பில் கடைசி வருஷம். படிப்பை எப்படியோ முடித்தாள், ஆனால் வேலைக்கென்று வெளியே போகவில்லை. அண்ணன் படிக்க வேண்டும், நான் படிக்க வேண்டும், அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் நேரங்கெட்ட நேரத்து வேலை. "அவ பாத்துக்குவா, அவ தாங்குவா" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு அவரவர் பாட்டைப் பார்க்கப் போனோம். அவளுக்கு வரன் பேச்சு வந்து வந்து நின்றுபோன காலத்திலும் அதே சொல்தான். அண்ணன் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனான். நான் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனேன். அவள் அங்கேயே நின்றாள்.

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி காட்டுவது அவள் தொழில். இன்ஜினீயர்கள் பிளானை அனுப்புவார்கள். அக்கா கணினியில் சுவர் எழுப்பி, டைல்ஸ் பதித்து, ஜன்னல் வழியாகக் காலை வெயிலை உள்ளே விடுவாள். வீடு கட்டப் போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னலை இந்தப் பக்கம் தள்ளுங்கள், மாடிப்படியைத் திருப்புங்கள் என்பார்கள். அவள் தள்ளுவாள், திருப்புவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் போட்டுக் கொடுத்த பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கென்று இருந்தது ஹால் மூலையில் ஒரு மேசைதான்.

அந்த மேசைக்குப் பக்கத்திலேயே அப்பாவின் கட்டில். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று, வாக்கர் வைத்து நடக்கிறார். ஆனாலும் ரிமோட் விழுந்தால் "ஏம்மா", தலையணை நகர்ந்தால் "ஏம்மா". அக்கா பாதிச் சுவரில் மவுஸை விட்டுவிட்டு எழுந்து போவாள். முகத்தில் ஒரு கோடு மாறாது. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அவளுடைய பழைய கணினியின் கதை அதைவிடக் கேவலம். சூடு தாங்காமல் நின்றுவிடுகிறது என்று பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்திருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே டேபிள் ஃபேன். மதியம் அப்பா கண்ணயரும்போது ஃபேன் அவர் பக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் கணினி பொசுக்கென்று அணையும். அக்கா அது ஆறும்வரை துணி மடிப்பாள்.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் போன் வந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய ஸ்டூடியோ. இவள் போட்ட படம் ஒன்றை எங்கோ பார்த்திருக்கிறார்கள். ஒரு முழு வீட்டுக்குள் வாசலிலிருந்து மாடி வரை நடந்து போகிற மாதிரி நகரும் படம் ஒன்று மாதிரிக்குச் செய்து, ஒரு கெடு வைத்து அதற்குள் அனுப்பச் சொன்னார்கள். பிடித்திருந்தால் அங்கேயே வேலை, அங்கேயே போய் இருக்க வேண்டும். அக்கா இதை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள். ஹாலில் சொல்லியிருந்தால் அப்பா காதில் விழும்.

"போவியா?" என்றேன்.

"மொதல்ல படம் வரட்டும்டி" என்றாள். ஆனால் கிளிப்பைத் துணியில் குத்தாமல் கையிலேயே வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். போக வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

நகரும் படம் என்பது ஆயிரக்கணக்கான படங்களின் வரிசை. ஒவ்வொன்றிலும் வெயில் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று கணினி கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். பழைய பெட்டியில் அந்தக் கெடுவுக்குள் ஒரு தடவைகூட ரெண்டர் முடியாது. புதுசு வாங்கினால் ஒரு தடவை முடியும். புதுசின் வேகத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினால், முதல் தடவையில் தெரிகிற தப்பைத் திருத்தி இரண்டாவது தடவையும் எடுக்கலாம். அந்த இரண்டாவது தடவைதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. முதல் தடவையிலேயே சரியாக வந்த வீடு உலகத்தில் கிடையாது என்பாள்.

கணினி என்றால் எங்கள் குடும்பத்தில் அண்ணன்தான். ஒரு கம்பெனியில் சர்வர் ரூமுக்குப் பொறுப்பு. அதனால் அவனுக்கு நான் வைத்த பெயர் சர்வர். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத சர்வர். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். எதை வாங்குவது என்று எல்லாம் அவனே முடிவு செய்து, அக்காவிடம் பணம் மட்டும் வாங்கிப் போயிருந்தான்.

"பிராசசர் சூப்பர் பிராசசர்க்கா. பூட்டு இல்லாதது" என்றான். "கம்பெனிக்காரன் பயந்துகிட்டு வேகத்தைக் கம்மியா வச்சு விப்பான். நாம பயாஸ்ல, அதான் உள் செட்டிங்ல, போய் ஏத்திவிட்டுக்கணும். அதான் ஓவர்கிளாக். குடுத்த காசுக்கு மேல வேலை வாங்கலாம்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பழக்கமான சந்தோஷம். அக்காவிடம் இருபது வருஷமாக அவன் செய்வது அதுதான்.

மதர்போர்டும் நல்லதாகவே வாங்கியிருந்தான், வேகத்தை ஏற்ற இடம் கொடுக்கிற போர்டு. அதோடு சரி. மற்றதெல்லாம் பழையது. அந்தப் பிராசசரோடு அதன் சூட்டைத் தணிக்கும் கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டுமாம். இவன் பழைய பெட்டியிலிருந்த உள்ளங்கை அகலக் கூலரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இது போதுமாடா?" என்றாள் அக்கா.

"தாங்கும்க்கா."

"பவர் சப்ளை பழசாச்சே?"

"அதுவும் தாங்கும்."

"காத்து போக வழியே இல்லாத டப்பா இது" என்றேன் நான்.

"உனக்கு என்ன தெரியும்? தாங்கும்னா தாங்கும்."

எனக்குக் கணினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதுதான். நான் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிறவள். கண்ணாடிச் சாமானைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "இது தாங்கும், நீங்க அனுப்புங்க" என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தச் சொல்லை எவன் சொல்கிறானோ அவன் தலையில் எந்தச் சுமையும் இருக்காது. அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளி, கண்ணால் அப்பாவைக் காட்டினாள். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் வேகத்தை ஏற்றினான், திரையில் பெரிய எண்ணைக் காட்டினான், சாப்பிட்டான், போய்விட்டான்.

அதற்கப்புறம் அந்தப் பெட்டி அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ரெண்டர் பாதியில் எல்லாம் நின்றுபோய் நீலத்திரை. திரும்ப ஆரம்பித்தால் திரும்ப நீலத்திரை. அதுகூடப் பரவாயில்லை, நின்றது என்றாவது தெரியும். சில சமயம் நிற்காமலே ஓடி, நடுவில் ஒரு படத்தைக் கெடுத்து வைக்கும். வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புச் சதுரம். படிக்கட்டில் ஒரு படி காணாமல் போயிருக்கும். எந்தப் படத்தில் என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நான் போனபோது அக்கா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், நடுநடுவே ஏம்மாவுக்கு எழுந்து போய்க்கொண்டு.

"சர்வர்கிட்ட சொன்னியா?"

"அவனுக்கு ஆயிரம் வேலை."

"உனக்கு?"

"சமாளிச்சுக்கலாம்டி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். "குட்டக் குட்டக் குனியறவனும் மடையன், குனியக் குனியக் குட்டறவனும் மடையன். உங்க ரெண்டு பேர்ல யார் பெரிய மடையன்னு எனக்கு இன்னிக்குத் தெரியணும். எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் கணினியின் ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் எழுந்தாள். பெட்டி போகிறதே என்றுதான் வந்தாளே தவிர, நான் சொன்னதற்காக இல்லை. அப்பாவுக்குத் துணையாக என் வீட்டுக்காரரை வரச் சொன்னேன். அவர் வாய் திறக்காத மனிதர். வந்து, அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தார்.

கணினிக் கடைகள் இருக்கும் தெரு ஆள் நுழைய முடியாத தெரு. ஒரு குறுகலான மாடிப்படி, படிக்குப் படி காலி அட்டைப் பெட்டி, மேலே ஒரு கடை. கடைக்காரர் எதைக் கேட்டாலும் "காத்து வேணும்மா, காத்து" என்று ஆரம்பிப்பவர். அவருக்கு மனதுக்குள் காற்றுக்காரர் என்று பெயர் வைத்தேன். விற்கிறதற்குப் பேசுகிறார் என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "யாரும்மா இந்தக் கூலரைப் போட்டது?"

"என் தம்பி" என்றாள் அக்கா, ஏதோ தானே செய்த தப்பு மாதிரி.

அவர் பெட்டியை ஓடவிட்டு, பிராசசருக்கு முழு வேலையும் கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனையை ஆரம்பித்தார். திரையில் சூட்டின் கோடு விறுவிறுவென்று ஏறியது. உச்சிக்குப் போனதும், வேகத்தின் கோடு தானாகக் கீழே இறங்கியது.

"இது ஏன் இறங்குது?" என்றாள் அக்கா.

"சூடு ஏறிடுச்சுல்ல. அதான் வேகத்தைக் குறைச்சுக்குது."

"நீங்க குறைச்சீங்களா?"

"நான் எங்கம்மா குறைச்சேன்? அதுவே குறைச்சுக்கும். இல்லேன்னா எரிஞ்சு போயிடும்ல."

"யாரையும் கேக்காமயா?"

காற்றுக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "யாரைக் கேக்கணும்?"

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுவது பிடிக்காததால் காற்றுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். "அப்ப இதோட தலையில எதுக்கு இவ்ளோ வேகத்தை ஏத்தச் சொல்றாங்க?"

"ஏத்தலாம்மா, தப்பில்ல. சும்மா ஏத்தினா எப்பிடி? சாப்பாடு வேணும், அதான் கரண்ட்டு, காத்து வேணும்" என்றார். பழைய பவர் சப்ளையைக் கழற்றி என் ஒரு கையில் கொடுத்து, அலமாரியிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து மறு கையில் கொடுத்தார். பழையது காலி டப்பா கனம்தான் இருந்தது. "மேல ஒட்டின ஸ்டிக்கர்ல என்ன வேணா எழுதலாம். முழு லோடு ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்."

வேகத்தை எவ்வளவு ஏற்றலாம் என்று அக்கா கேட்டாள். அது முன்கூட்டித் தெரியாது என்றார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் செய்த இரண்டு பிராசசரில் ஒன்று நன்றாக ஏறும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். "ஒரு வயித்துப் பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பொறுக்கும் வேலை. அதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. காற்றுக்காரர் ஒரு கூலரைக் காட்டினார், ஒரு செங்கல் பருமன், இரண்டு பெரிய விசிறி. பழைய பெட்டிக்குள் வைத்தால் தகடு மூடாது. அதனால் முன்பக்கம் முழுக்கச் சல்லடையாக இருக்கும் புதுப் பெட்டி வேண்டும். தண்ணீர் ஓடும் கூலர் ஒன்றும் இருந்தது, இன்னும் குளிர்ச்சியாம். அக்கா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பி, ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"சத்தம் வருமா? அப்பா தூங்குவாரு."

"உனக்கு வாங்கறியா, அப்பாவுக்கு வாங்கறியா?" என்றேன்.

"பெரிய விசிறின்னா மெதுவா சுத்தும், சத்தம் வராது" என்று காற்றுக்காரர் நடுவில் புகுந்தார். அக்கா செங்கல் கூலரை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். கசிந்தால் யார் பார்த்துக்கொண்டிருப்பது, நான் ஒருத்திதானே என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 'நான் ஒருத்திதானே' என்று.

சர்வருக்கு விஷயம் தெரிந்ததும் ரோஷம் வந்துவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று போனில் குதித்தான். இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். வேகத்தை ஏற்றும் வேலையில் அவனுக்கு நிஜமாகவே கைத்திறமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கொஞ்சம் ஏற்றுவான், சோதனை ஓடவிடுவான், சூட்டைப் பார்ப்பான், மின்சாரத்தை ஒரு துளி கூட்டுவான், மறுபடி கொஞ்சம் ஏற்றுவான். எங்கே முரண்டு பிடித்ததோ அங்கிருந்து இரண்டு படி இறக்கி நிறுத்தினான். "உச்சியில நிக்க வைக்கக் கூடாதுக்கா. கொஞ்சம் மிச்சம் வைக்கணும்" என்றான். அடப்பாவி, இது தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் இருந்தாயா என்று எனக்கு வாய் வரை வந்தது.

அவன் அக்காவுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும்போது நாலு தடவை ஏம்மா வந்தது. நாலு தடவையும் அவள் எழுந்து போனாள். நாலாவது தடவை சர்வர் எரிச்சலாகிவிட்டான். "அக்கா, நீ இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா எதைத்தான் கத்துக்குவ? ஒரு இடத்துல உக்காரேன்!"

அவ்வளவுதான். நான் வெடித்துவிட்டேன்.

"அவளை உக்காரச் சொல்றியா? நீயா? இந்தப் படம் முடியற வரைக்கும் அப்பாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, அவ உக்காருவா."

"எங்க வீட்லயா? அங்க எப்படி... அவ இவ்ளோ நாள் பாத்துக்கிட்டா, இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டாளா?"

"அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொன்னே, அந்தச் செங்கல் கூலரையே தூக்கி உன் மண்டையில போடுவேன்."

பெரிய ரகளை ஆயிற்று. கடைசியில் ஒத்துக்கொண்டான். மறுநாள் காரோடு வந்தான். வாசலில் அப்பா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன். "சர்வருக்கு இன்னிலேருந்து லோடு டெஸ்ட்" என்றேன். "முழு லோடு ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்." சர்வர்கூடச் சிரித்தான். அக்கா வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா செருப்பை மாட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

சர்வரின் வண்டவாளம் சீக்கிரமே தண்டவாளம் ஏறியது. அண்ணி வேலைக்குப் போகிறாள், இவன் லீவு போட வேண்டியதாயிற்று. "குளிக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு முதுகே போச்சு" என்று என்னிடம் புலம்பினான். "அக்கா எப்படித்தான் தனியா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். முழுதாகச் சொல்லித் தொலையேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அக்கா அந்த வாரம் உட்கார்ந்தாள். பெட்டி முணுமுணுப்பாகக்கூடச் சத்தம் போடவில்லை. முதல் ரெண்டர் முடிந்து பார்த்தால், மாடிப்படியின் கைப்பிடி நிழல் சுவரில் கோணலாக விழுந்திருந்தது. திருத்தி இரண்டாவது தடவை எடுத்தாள். கெடுவுக்கு முன்பே அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த மாதம் வந்து சேரச் சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா ஜன்னல் ஓர நாற்காலியில் இருந்தார். அக்கா போகட்டும் என்பதில் யாருக்கும் வெளிப்படையாக ஆட்சேபம் இல்லை. பேச்சு மட்டும் அப்பா யாரிடம் என்பதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாதம் மாறி மாறி வைத்துக்கொள்ளலாமா என்றான் அண்ணன். ஆள் போடலாமா என்றாள் அண்ணி. அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷத்தில் 'நான் போகல, விடுங்க' என்று சொல்லிவிடுவாள்.

அப்போது அப்பா கேட்டார். "லோடை எங்க இறக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

அக்காதான் முதலில் பேசினாள். எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தப்புதான்பா. நானும் சிரிச்சேன்" என்றாள். அப்புறம் நிறுத்தாமல் சொன்னாள். "நான் போறேன்பா. போகணும். நீங்க எங்க இருக்கணும்னு யாரும் உங்களைக் கேக்கல. நீங்க சொல்லுங்க."

அப்பா யோசிக்கக்கூட இல்லை. "சின்னவ வீட்ல."

நான் திடுக்கிட்டுப்போனேன். லோடு என்று சொன்னவள் நான். "என் வீட்லயா? நான் கத்துவேன்பா" என்றேன்.

"தெரியும். கத்துவ. அப்புறம் மறந்துடுவ. உன் மனசுல என்ன இருக்குன்னு தெரு முனை வரைக்கும் தெரியும்" என்றார். பிறகு அக்காவின் தலையில் கை வைத்தார். "இவ நான் கூப்பிடும்போதெல்லாம் வந்தா. ஒரு தடவகூட மூஞ்சியத் தூக்கல. பிடிச்சுச் செய்யறாளா, விதியேன்னு செய்யறாளா, எனக்கு ஒன்னுமே தெரியாது. இத்தனை வருஷமா பயந்து பயந்துதான் தண்ணி கேட்டேன்."

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். என் அக்கா கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"விதியேன்னுதான்பா செஞ்சேன்! எரிச்சல் எரிச்சலா வரும். கையில இருக்கறதைப் போட்டு உடைக்கலாம்னு வரும். உங்களை எனக்குப் பிடிக்கும், அதுக்காக எரிச்சல் வராதா? ஒரு நாளாவது, போதும் உக்காருன்னு நீங்க சொன்னீங்களா? தூணு தூணுன்னீங்களே!"

அண்ணி சமையலறைக்குள் நழுவினாள். அண்ணன் தரையைப் பார்த்தான். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அப்பாடா" என்றார். "இப்பதான் வீட்ல ஒரு மனுஷி இருக்கற மாதிரி இருக்கு. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றார்.

இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதனால் எல்லோர் மேலும் பட்டேன். வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் போன் செய்து, முன்னறையைக் காலி பண்ணி வையுங்கள் என்றேன். அண்ணியிடம் மாத்திரை டப்பா எங்கே என்று கத்தினேன். அண்ணனைத் துணிப்பையைத் தூக்கச் சொல்லிக் கத்தினேன். கடைசியில் அப்பாவிடம் வந்தேன்.

"இன்னும் என்ன உக்காந்துகிட்டு? எந்திரிங்க, கீழ கார் நிக்குது. நான் ஒன்னும் அக்கா இல்ல, கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு வாக்கரை எட்டிப் பிடித்தார். அக்கா எங்களோடு எழுந்து வரவில்லை. அவர் விட்ட நாற்காலியில் ஏறி, கால் இரண்டையும் மேலே மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.